சிரை அமைப்பு மாறியிருந்தால் அப்லேஷன் சிகிச்சை என்னவாகும்? மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டியவை

மும்பை: இதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற கோளாறுக்கு, மருந்துகள் கைவிட்ட பிறகே கதீட்டர் அப்லேஷன் சிகிச்சையை யோசிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வரிசை இப்போது மாறியுள்ளது. 2023-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிமுறைகளும், 2024-ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் நெறிமுறைகளும், விட்டுவிட்டு வரும் துடிப்புக் கோளாறு உள்ள தகுதியான நோயாளிகளுக்கு இச்சிகிச்சையைத் தொடக்கத்திலேயே மேற்கொள்ளலாம் எனப் பரிந்துரைக்கின்றன.

தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்துக்குள் சென்று, தவறான மின்தூண்டல் பிறக்கும் இடத்தைச் செயலிழக்கச் செய்வதே இச்சிகிச்சை. செல்லும் வழியும் சேரும் இடமும் சிரைகளாகவே இருப்பதால், அந்தச் சிரைகள் பாடநூலில் வரைந்திருப்பதுபோல அமையாதவர்களின் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது. அத்தகையோர் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் தெரிவதே இல்லை.

மாறுபட்ட சிரை அமைப்பு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அது பெரும்பாலும் திட்டமிட்டுக் கடக்கக்கூடிய சிக்கல்தான். சிகிச்சை மேசையில் முதன்முதலாகத் தெரியவரும்போதே அது ஆபத்தாகிறது. முன்கூட்டியே அறிவதற்கான தடயங்கள் பல நேரங்களில் எளிய, செலவு குறைந்த பரிசோதனைகளிலேயே கிடைத்துவிடுகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என அருகருகே இருந்தும் வெவ்வேறு வாழ்க்கை வாழும் மும்பைத் தமிழர்களுக்கு அந்த முன்னறிவு ஒரே அளவில் கிடைக்கிறதா என்பதே இங்கு ஆராய வேண்டியது.

துடிப்பு தடுமாறுவது எங்கே தொடங்குகிறது?

இயல்பான இதயத்தில், வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுப்பகுதி மின்தூண்டலை உருவாக்கி, துடிப்பின் தாளத்தை நிர்ணயிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏற்படும்போது, மேலறைகளில் ஒழுங்கற்ற மின்னலைகள் பரவுகின்றன. மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. நாடியைத் தொட்டுப் பார்த்தால், துடிப்புகளுக்கு இடையேயான இடைவெளி ஒன்றுபோல் இல்லாமல் தாறுமாறாக இருப்பதை உணரலாம்.

படபடப்பு, மூச்சுத்திணறல், களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். அறிகுறியே இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்வதுதான் இக்கோளாறின் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு அதிகம் என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த ஆபத்து 17 மடங்கு எனவும் அதே ஆய்வு கணக்கிட்டது. 2019-ஆம் ஆண்டின் உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 6 கோடிப் பேர் இக்கோளாறுடன் வாழ்கின்றனர்.

அப்லேஷன் சிகிச்சைக்கு வழி திறந்தது பிரான்ஸின் போர்தோ நகரில் நடந்த ஓர் ஆய்வு. மிஷேல் ஹைசகேர் தலைமையிலான மருத்துவர்கள், 45 நோயாளிகளிடம் கோளாறைத் தொடங்கிவைக்கும் மின்தூண்டல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடினர். கண்டறியப்பட்ட 69 புள்ளிகளில் 65, அதாவது 94 விழுக்காடு, நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. 1998-ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவு சிகிச்சையின் இலக்கையே மாற்றியது.

நுரையீரல் சிரைகள், நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்ற ரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவருபவை. இதயத் தசையின் மெல்லிய இழைகள் அந்தச் சிரைகளின் வாய்ப்பகுதிக்குள் சிறிது தூரம் சட்டைக் கையைப் போல நீண்டிருக்கின்றன. கோளாறான தூண்டல் பெரும்பாலும் அந்த இழைகளில்தான் பிறக்கிறது. சிரையின் வாயைச் சுற்றி வளையம்போல் திசுவைச் செயலிழக்கச் செய்தால், உள்ளே பிறக்கும் தூண்டல் மேலறைக்குள் நுழைய முடியாது. இதுவே இன்றைய அப்லேஷன் சிகிச்சையின் அடித்தளம்.

எல்லோருக்கும் நான்கு சிரைகள் இல்லை

வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு என நான்கு நுரையீரல் சிரைகள் தனித்தனி வாய்களுடன் இடது மேலறையில் சேர்வதே பொதுவான அமைப்பு. ஆனால், கணிசமானோரிடம் இந்தக் கணக்கு மாறுகிறது. சிலருக்கு இடப்பக்கச் சிரைகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஒரே பெரிய வாயாகத் திறக்கின்றன. சிலருக்கு வலப்புறம் நடுவில் மூன்றாவதாக ஒரு சிரை இருக்கிறது.

கண் மூக்கு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதைப் போன்றதே இது. அன்றாட வாழ்வில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. அப்லேஷன் செய்யும்போது மட்டும் இது முக்கியமாகிறது. உதாரணமாக, குளிரூட்டும் பலூன் முறையில் 23 அல்லது 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள பலூனைச் சிரையின் வாயில் பொருத்தி, அதைச் சுற்றியுள்ள திசுவை உறைய வைக்கின்றனர். இணைந்த சிரையின் அகன்ற வாயைப் பலூன் முழுமையாக மூடாமல் போகலாம். விடுபட்ட இடைவெளி வழியே தூண்டல் மீண்டும் கசியும். நடுவிலுள்ள கூடுதல் சிரை கவனத்துக்கு வராமல் விடுபட்டாலும் இதே நிலைதான்.

இன்னும் அரிதாக, வலது மேல் நுரையீரல் சிரை இடது மேலறைக்குச் செல்லாமல், உடலின் மேற்பகுதி ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையில் கலந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்டவரிடம் இடது மேலறைக்குள் எவ்வளவு தேடினாலும் அந்தச் சிரையின் வாய் அகப்படாது.

மறைய வேண்டிய சிரை மறையாதபோது

கருவில் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கத்திலும் ஒரு மேற்பெருஞ்சிரை உருவாகிறது. பிறப்பதற்கு முன் அது சுருங்கி மறைய, ஒரு மெல்லிய தசைநாரும் சிறு சிரையும் மட்டுமே எஞ்சுகின்றன. மார்ஷல் சிரை என்று அந்த எச்சத்துக்குப் பெயர். பொது மக்களில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காட்டினருக்கு அந்த இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் நிலைத்துவிடுகிறது. பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களிடம் இந்த விகிதம் மேலும் அதிகம்.

விழுக்காடாகப் பார்க்கும்போது இது மிகச் சிறியதாகத் தோன்றலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பையில் வாழ்ந்தவர்கள் சுமார் 1.24 கோடி பேர். இந்த விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், இந்நகரில் மட்டும் 37 ஆயிரம் முதல் 62 ஆயிரம் பேர் வரை இத்தகைய சிரையுடன் வாழ்வதாகக் கொள்ளலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் வராது. ஆனால், துடிப்புக் கோளாறு வந்துவிட்டால் இந்தச் சிரையே அதன் ஊற்றாக இருக்கக்கூடும். நுரையீரல் சிரைகளைத் தனிமைப்படுத்திய பிறகும் கோளாறு திரும்பிய நோயாளிகளிடம் நிலைத்த இடது மேற்பெருஞ்சிரையிலிருந்து தூண்டல்கள் பிறந்ததை, போர்தோ மருத்துவர்கள் 2004-ஆம் ஆண்டு ஐந்து பேரின் சிகிச்சை அனுபவத்தைக் கொண்டு விளக்கினர்.

அந்தச் சிரைக்குள் அப்லேஷன் செய்வதில் கவனம் தேவை. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அதை ஒட்டியே செல்கிறது. அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் மூச்சுவிடுவது சிரமமாகும்.

மறைந்துபோன சிரையின் எச்சமும் இன்று சிகிச்சைக்கு உதவுகிறது. மார்ஷல் சிரைக்குள் எத்தனால் செலுத்தி அப்பகுதித் திசுவைச் செயலிழக்கச் செய்யும் முறையை, அமெரிக்காவில் 343 நோயாளிகளிடம் சோதித்து 2020-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். நீடித்த துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு வழக்கமான அப்லேஷன் மட்டும் செய்தபோது 38 விழுக்காட்டினரும், எத்தனால் முறையையும் சேர்த்துச் செய்தபோது 49.2 விழுக்காட்டினரும் கோளாறு திரும்பாமல் இருந்தனர்.

வழியே துண்டிக்கப்பட்டிருந்தால்?

இலக்கு மாறியிருப்பது ஒருவகைச் சிக்கல். இலக்குக்குச் செல்லும் பாதையே இல்லாமல் போவது மற்றொரு வகை. தொடையில் நுழையும் கதீட்டர், வயிற்றின் வழியாக மேலேறும் கீழ்ப்பெருஞ்சிரையைக் கடந்து வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து இரு மேலறைகளுக்கும் இடையிலான சுவரின் மெல்லிய பகுதியில் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைகின்றனர்.

ஆயிரத்தில் ஒரு சிலருக்கு இந்தக் கீழ்ப்பெருஞ்சிரை கல்லீரலுக்குக் கீழேயே துண்டிக்கப்பட்டிருக்கும். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் ரத்தம், முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் அசைகஸ் என்ற சிரை வழியாகச் சுற்றிச்சென்று மேலிருந்து இதயத்தில் சேரும். கதீட்டரும் அதே சுற்றுவழியில் சென்று மேலிருந்து கீழாக வளைந்து நுழைய வேண்டியிருக்கும். சுவரில் துளையிடுவதற்கான கோணம் மாறிவிடுவதால், கீழிருந்து செல்வதற்கென வடிவமைத்த கருவிகள் இங்கு எளிதில் பயன்படுவதில்லை. கழுத்துச் சிரை வழியாகவோ, கல்லீரல் வழியாகவோ மாற்றுப்பாதை அமைப்பதே வழி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் நினைவுகூரத்தக்கது. சுருங்கிய மிட்ரல் வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சைக்கும் இதே பாதையும், இதே சுவரில் துளையிடுவதும் தேவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் ஜோசப் தலைமையிலான மருத்துவர்கள், தொடைக்குப் பதிலாகக் கழுத்துச் சிரை வழியாக இச்சிகிச்சையைச் செய்யும் முறையை 1997-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் பதிவு செய்தனர். உடலமைப்பு மாறுபட்டவர்களுக்கு இந்த வழி எவ்வாறு கைகொடுக்கிறது என்பதை 2002-ஆம் ஆண்டு மீண்டும் விளக்கினர்.

அவர்கள் செய்தது அப்லேஷன் அல்ல என்றாலும், வழக்கமான பாதை அடைபட்ட நோயாளியை இயலாது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பதை அது உணர்த்தியது. வேறுவழியைப் பற்றி முன்பே சிந்தித்துத் தயாராக இருந்ததே அந்த வெற்றிக்குக் காரணம்.

தடயம் பழைய அறிக்கையிலேயே இருக்கலாம்

சிரைகளின் அமைப்பை முழுமையாகக் காட்டுவது, சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். அந்தப் படத்தை முப்பரிமாண வரைபடக் கருவியுடன் இணைத்து, கதீட்டர் எங்கே இருக்கிறது என்பதை மருத்துவர்கள் திரையில் தொடர்ந்து பார்க்கலாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குச் சாயமருந்து தீங்கு செய்யலாம் என்பதால், அதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்க்கப்படுகிறது.

ஆனால், சி.டி. ஸ்கேனுக்கு முன்பே குறிப்பறிய உதவும் எளிய வழிகள் உண்டு. சாதாரண எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பின்புறமுள்ள 'கரோனரி சைனஸ்' என்ற சிரை வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால், நிலைத்த இடது மேற்பெருஞ்சிரை இருக்கலாம் என்று ஐயுறலாம். குலுக்கிய உப்புநீரை இடது கைச் சிரையில் செலுத்தி எக்கோவில் பார்க்கும்போது, நுண்குமிழிகள் வலது மேலறைக்கு முன்பாகக் கரோனரி சைனஸில் தோன்றினால் அந்த ஐயம் உறுதிப்படும். வயிற்று அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் கீழ்ப்பெருஞ்சிரை துண்டிக்கப்பட்டிருப்பது தெரியவரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மண்ணீரல்கள் இருப்பதாக ஒரு பழைய ஸ்கேன் அறிக்கை கூறினால், அதுவும் சிரை அமைப்பு மாறியிருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி.

சிறுநீரகக் கல்லுக்காகவோ பித்தப்பைக்காகவோ பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த அறிக்கையில்கூட இத்தகைய வரி ஒன்று இருக்கலாம். அப்போது அதற்கு முக்கியத்துவம் இருந்திருக்காது. இதயச் சிகிச்சைக்குச் செல்லும்போது அந்த வரி விலைமதிப்பற்றதாகிவிடும். பழைய அறிக்கைகளைப் பாதுகாத்து வைப்பதும், மருத்துவரிடம் காட்டுவதும் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சூடு, குளிர், மின்துடிப்பு

அப்லேஷனில் இப்போது மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. ரேடியோ அலை முறையில் கதீட்டரின் நுனி திசுவைச் சூடாக்குகிறது. புள்ளி புள்ளியாக வைத்து எந்த வடிவிலும் வளையம் வரைய முடிவதால், மாறுபட்ட சிரைகளுக்கு இது வளைந்து கொடுக்கிறது. குளிர் பலூன் முறை, இயல்பான நான்கு சிரை அமைப்பில் வேகமாக முடிகிறது. மூன்றாவது, மிகக் குறுகிய மின்துடிப்புகளால் இதயத் தசைச் செல்களை மட்டும் குறிவைக்கும் 'பல்ஸ்டு ஃபீல்டு' முறை. இது உணவுக்குழாயையும் அருகிலுள்ள நரம்பையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. 2023-ஆம் ஆண்டு வெளியான 607 பேர் பங்கேற்ற ஆய்வில், இம்முறை பழைய முறைகளுக்குப் பயனில் குறைந்ததல்ல என்று தெரியவந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இவ்வகைக் கருவிகளுக்கு ஒப்புதல் அளித்தது.

எந்த முறையானாலும் முழு நிவாரணம் என்ற வாக்குறுதி யாருக்கும் தரப்படுவதில்லை. கனடாவில் 346 நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் கண்காணிப்புக் கருவி பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளியாயின. ஓராண்டில் ஒருமுறைகூடக் கோளாறு தென்படாதவர்கள் பாதியைச் சற்றே தாண்டினர். அதேவேளையில், நோயாளிகள் கோளாறான துடிப்புடன் கழித்த நேரம் 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. நோய் அடியோடு மறைவது வேறு, வாழ்க்கை இயல்புக்குத் திரும்புவது வேறு என்பதை இந்த இரு எண்களும் சேர்ந்து சொல்கின்றன. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிதல், சிரை சுருங்குதல், பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் குறைந்த அளவில் உண்டு. பக்கவாத ஆபத்து அதிகமுள்ளவர்கள் சிகிச்சை வெற்றியடைந்த பிறகும் ரத்தம் உறையாமைக்கான மருந்தைத் தொடர வேண்டியிருக்கும்.

ஒரே நாடி, இரண்டு நோய்கள்

மும்பையின் தமிழர் பகுதிகளைப் பார்க்கும்போது இன்னொரு வேறுபாடு கண்ணில் படுகிறது. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் தாராவியில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அலுவலக வேலைகளுக்கு வந்த நடுத்தர வர்க்கத்தினர் மாட்டுங்காவிலும், பின்னர் செம்பூரிலும் குடியேறினர்.

மேலை நாடுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முதுமை, ரத்த அழுத்தம், உடற்பருமன், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றோடு தொடர்புடையது. வசதியுள்ள இந்தியக் குடும்பங்களிலும் இந்தப் படமே தெரிகிறது. நாடு முழுவதும் பார்க்கும்போது படம் மாறுகிறது. இந்திய இதயத் துடிப்பியல் சங்கத்தின் பதிவேட்டுக்காக, 24 மையங்களில் 1,537 நோயாளிகளின் விவரங்கள் 2011-12-ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்டன. அவர்களின் சராசரி வயது சுமார் 55. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது.

ருமாட்டிக் காய்ச்சல், சிறுவயதில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றின் பின்விளைவு. நெருக்கமான வீடுகளும் காற்றோட்டமின்மையும் உள்ள இடங்களில் அந்தத் தொற்று எளிதில் பரவுகிறது. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் லட்சக்கணக்கானோர் வாழும் தாராவியில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. பத்து வயதில் வந்து போன தொண்டைவலி, முப்பது வயதில் சுருங்கிய வால்வாகவும், நாற்பதில் தாறுமாறான நாடியாகவும் வெளிப்படலாம்.

இவர்களுக்கு அப்லேஷன் முதல் விடையாக இருப்பதில்லை. வால்வைச் சரிசெய்வதும், ரத்தம் உறையாமல் காப்பதுமே முதல் கடமைகள். சீரான துடிப்பை மீட்பது இவர்களுக்கும் பயன்தரும் என்பதை மும்பை மருத்துவர்களே காட்டியுள்ளனர். அமித் வோரா, யஷ் லோகண்ட்வாலா உள்ளிட்டோர் ருமாட்டிக் நோயாளிகள் 144 பேரிடம் நடத்தி 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சீரான துடிப்புக்குத் திரும்பியவர்களின் உழைக்கும் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன.

மருந்திலும் வேறுபாடு உண்டு. பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் மற்றவர்களுக்குப் பரவலாகத் தரப்படுகின்றன. ஆனால், ருமாட்டிக் நோயாளிகள் 4,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இன்விக்டஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்துகளே உயிரைக் கூடுதலாகக் காத்தன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள் 2022-ஆம் ஆண்டு வெளியாயின. வார்ஃபரின் உட்கொள்பவர் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் ஊதிய இழப்பாக முடியும். தாராவியின் விளிம்பிலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனையும், சில ரயில் நிலையங்கள் தள்ளி பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் இருந்தும், தொலைவைவிட நேரமே இங்கு பெரிய தடையாகிறது.

மாறுபட்ட சிரை அமைப்புக்குத் தாராவி, மாட்டுங்கா என்ற பேதம் கிடையாது. அதைத் தேடிக் கண்டறியும் வாய்ப்பில்தான் பேதம் இருக்கிறது.

செலவும் காப்பீடும்

அப்லேஷனுக்கான கதீட்டர்கள், முப்பரிமாண வரைபட வசதி, மருத்துவமனைக் கட்டணம் ஆகியவை சேர்ந்து தனியார் மருத்துவமனைகளில் செலவு லட்சங்களில் முடிகிறது. சிரை அமைப்பு மாறியிருந்தால் கூடுதல் படங்களும் கூடுதல் கருவிகளும் தேவைப்படுவதால் அந்தத் தொகை மேலும் உயரும். இந்நிலையில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, தனியார் காப்பீடு. மாறுபட்ட சிரை என்பது பிறவியிலேயே அமைந்த, வெளியில் தெரியாத உட்புற வேறுபாடு. உட்புறப் பிறவிக் குறைபாடுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொத்தாம்பொதுவாக விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலத்தை 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகவும், அதன்பின் உண்மையை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க முடியாத நிலைக்கான காலத்தை 8 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாகவும் ஆணையம் 2024-ஆம் ஆண்டு குறைத்தது. மோசடி நிரூபிக்கப்பட்டால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. பிறவிக் குறைபாடு என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், நோயாளி எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, அரசுத் திட்டங்கள். மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய திட்டத்தின் காப்பீட்டு வரம்பை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தவும், மாநிலத்தின் அனைத்துக் குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தவும் 2023-ஆம் ஆண்டு முடிவெடுக்கப்பட்டது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு வழங்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. வயது ஏற ஏற இத்துடிப்புக் கோளாறு அதிகரிப்பதால், மாட்டுங்கா, செம்பூர் முதியோருக்கு இது நேரடியாகப் பயன்படக்கூடியது.

மூன்றாவது, ஆவணங்கள். பல தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் பெயர் மும்பை குடும்ப அட்டையிலும், இன்னொருவர் பெயர் ஊரிலுள்ள அட்டையிலும் இருக்கிறது. மாநிலத் திட்டங்களில் சேர அந்தந்த மாநில ஆவணங்கள் தேவை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் இதே நிலைதான். நோய் வந்த பிறகு அட்டையைத் திருத்த அலைவதைவிட, எந்த மாநிலத் திட்டத்தில் தமது பெயர் உள்ளது என்பதை இப்போதே உறுதிசெய்துகொள்வது நல்லது. சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட தொகையில் முப்பரிமாண வரைபடமும் சி.டி. ஸ்கேனும் அடங்குமா என்பதை மருத்துவமனையின் திட்ட உதவி மையத்தில் முன்கூட்டியே கேட்டறியலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அப்லேஷன் பரிந்துரைக்கப்பட்டவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் கீழ்க்காணும் கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்கலாம்:

* துடிப்புக் கோளாறுக்கு வால்வு நோய் காரணமா? மிட்ரல் வால்வு சுருங்கியுள்ளதா?

* நுரையீரல் சிரைகளின் எண்ணிக்கையும் அமைப்பும் படத்தில் பார்க்கப்பட்டனவா? எக்கோவில் கரோனரி சைனஸ் இயல்பான அளவில் உள்ளதா?

* தொடை வழியாகச் செல்ல முடியாவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? அத்தகைய சிகிச்சையை இம்மையம் முன்பு செய்துள்ளதா, அல்லது வேறு மையத்துக்கு அனுப்புமா?

* சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமைக்கான மருந்தை எவ்வளவு காலம் தொடர வேண்டும்?

* கோளாறு திரும்பினால் இரண்டாம் முறை சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்குமா?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மையமே மாறுபட்ட உடலமைப்பைக் கையாளத் தகுதியான மையம் என்று கொள்ளலாம்.

முதல் படி எளியது

சிரைகளை வரைபடமாக்கும் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. துண்டிக்கப்பட்ட பாதைக்கும் மாற்று வழி உண்டு என்பதை வேலூர் கால் நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது. இவை பயன்பட வேண்டுமென்றால், நோயாளி பக்கவாதத்துடன் அவசரப் பிரிவுக்கு வருவதற்கு முன்பாகத் துடிப்புக் கோளாறு கண்டறியப்பட வேண்டும். அதற்குத் தேவைப்படுவது மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பார்ப்பதும், தாளம் தப்பினால் ஓர் இ.சி.ஜி. எடுப்பதும்தான்.

பள்ளிகளில் தொண்டைத் தொற்றுக்கு உரிய நேரத்தில் பென்சிலின் தருவது, மாநகராட்சி மருந்தகங்களிலேயே ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வசதி செய்வது, எக்கோ அறிக்கைகளில் சிரை அமைப்பைப் பற்றி ஒரு வரி சேர்ப்பதைக் கட்டாயமாக்குவது ஆகியவை புதிய கேத் லேப் ஒன்றைக் கட்டுவதைவிடச் செலவு குறைந்தவை. அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அரிய சிரை அமைப்புடன் பிறந்த ஒருவர் தாராவியில் வாழ்ந்தாலும் மாட்டுங்காவில் வாழ்ந்தாலும், மருத்துவர் அவருக்கான பாதையை முன்பே வகுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க முடியும்.